கடவுச்சொல்லை மாற்றிய பின்னும் மின்னஞ்சல் களவு போவது ஏன்?

வாசகர் கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வீட்டில் ஏழாண்டுப் பழைய விண்டோஸ் 10 கணினி இருக்கிறது. ஜிமெயில், வங்கிக் கணக்கு, வருமான வரி எல்லாவற்றையும் அதில்தான் பார்க்கிறேன். சென்ற மாதம் என் முகவரியிலிருந்து நண்பர்கள் பலருக்கு, "மருத்துவமனையில் இருக்கிறேன், உடனே 20,000 ரூபாய் வேண்டும்" என்று மின்னஞ்சல் போயிருக்கிறது. ஒருவர் பணமும் அனுப்பிவிட்டார். நான் உடனே கடவுச்சொல்லை மாற்றினேன். பத்து நாள் கழித்து மறுபடியும் அதே போல நடந்தது. நண்பர்கள் எனக்குப் பதில் எழுதியதாகச் சொல்கிறார்கள்; ஒன்றுகூட வந்து சேரவில்லை. இதற்குச் சில வாரங்களுக்கு முன் என் பேரன் வீடியோ எடிட்டிங் மென்பொருள் ஒன்றை இலவசமாக இறக்கி நிறுவினான். நல்ல ஆன்டிவைரஸ் ஒன்று வாங்கிப் போட்டால் போதுமா?

பதில்:

பணம் அனுப்பிய நண்பரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் இதுவரை புகார் செய்யவில்லை என்றால், 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை இன்றே அழைத்து, பணம் போன கணக்கு எண் அல்லது யுபிஐ முகவரி, பரிவர்த்தனை எண், நாள், நேரம் ஆகியவற்றைச் சொல்லிப் பதிவு செய்யட்டும். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால், அது அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்கு முன் முடக்க வாய்ப்பு அதிகம். ஒரு மாதம் ஆகிவிட்ட நிலையில் அந்த வாய்ப்பு குறைவுதான் என்றாலும் புகார் கொடுக்காமல் விட வேண்டாம். நீங்களும் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் உங்கள் பெயரில் தனியாக ஒரு புகார் பதிந்து, அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். உங்கள் முகவரியைக் கொண்டு வேறு ஏதேனும் நடந்திருந்தால் அந்தப் பதிவு உங்களுக்குத் துணை நிற்கும்.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். நண்பர்கள் எழுதிய பதில் ஒன்றுகூட வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, நோயின் பெயர் அந்த வரியில்தான் இருக்கிறது. கணக்குக்குள் நுழைகிறவர்கள் பணம் கேட்டு எழுதுவதற்கு முன்பே, அந்த வேலை உங்கள் கண்ணில் படாதபடி ஏற்பாடு செய்துவிடுகிறார்கள். அதற்கு வழக்கமாக இரண்டு உத்திகள் உண்டு. ஜிமெயிலில் 'ஃபில்டர்' என்ற வசதி இருக்கிறது. இன்னாரிடமிருந்து வரும் அஞ்சலை, அல்லது இன்ன சொல் உள்ள அஞ்சலை, இன்ன இடத்துக்கு அனுப்பு என்று அதில் விதி எழுதி வைக்கலாம். 'பணம்', 'மருத்துவமனை', 'ஹேக்' போன்ற சொற்கள் எந்த அஞ்சலில் இருந்தாலும் அதை இன்பாக்ஸில் காட்டாதே, படித்ததாகக் குறித்துக்கொள், குப்பைத் தொட்டியில் போடு என்று ஒரு விதி எழுதிவிட்டால், உங்களை எச்சரிக்க எழுதும் நண்பரின் கடிதம் உங்கள் பெட்டிக்கு வந்த நொடியிலேயே மறைந்துவிடும். இரண்டாவது உத்தி இன்னும் நுட்பமானது. உங்கள் முகவரியைப் போலவே, ஓர் எழுத்து மட்டும் கூடுதலாகவோ குறைவாகவோ உள்ள ஒரு புதிய முகவரியை உருவாக்கி, பதில்கள் எல்லாம் அங்கே போகும்படி 'ரிப்ளை-டூ' முகவரியாக அதை உங்கள் கணக்கிலேயே பதிந்துவிடுவார்கள். நண்பர் 'ரிப்ளை' பொத்தானை அழுத்தும்போது, பெறுநர் முகவரியில் இரட்டித்து நிற்கும் ஒற்றை எழுத்தை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்?

கடவுச்சொல்லை மாற்றினால் இந்த இரண்டும் அழியாது. பூட்டை மாற்றிய பின்னும் கொல்லைப்புறக் கதவு திறந்தே கிடக்கிறது. எனவே ஜிமெயிலைக் கணினியின் பிரவுசரில் திறந்து, மேலே உள்ள பற்சக்கர அடையாளத்தின் வழியாக எல்லா அமைப்புகளும் உள்ள பக்கத்துக்குச் செல்லுங்கள். கைபேசிச் செயலியில் இவற்றை முழுமையாகப் பார்க்க முடியாது. 'ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்டு அட்ரஸஸ்' பகுதியில் நீங்கள் எழுதாத விதி எதுவாக இருந்தாலும் அழியுங்கள். 'ஃபார்வர்டிங்' பகுதியில் அறியாத முகவரி இருந்தால் உங்களுக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தின் படியும் அங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள், அதையும் நீக்குங்கள். 'அக்கவுன்ட்ஸ் அண்ட் இம்போர்ட்' பகுதியில் 'சென்ட் மெயில் ஆஸ்' என்ற வரியைத் திறந்து, ரிப்ளை-டூ முகவரி ஏதேனும் இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் படியுங்கள். இன்பாக்ஸின் அடியில் வலப்பக்கம் சிறிய எழுத்தில் 'டீடெயில்ஸ்' என்று இருக்கும். அதை அழுத்தினால் உங்கள் கணக்கு அண்மையில் எந்தெந்தக் கருவியிலிருந்து, எந்த ஊரிலிருந்து, எப்போது திறக்கப்பட்டது என்பது தெரியும்.

ஆனால் இவற்றை எல்லாம் இப்போது உங்கள் வீட்டுக் கணினியில் செய்யாதீர்கள். காரணம், பேரன் நிறுவிய அந்த மென்பொருள்.

காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளைப் பூட்டு உடைத்து இலவசமாகத் தரும் தளங்களில், நிறுவும் முறை என்று ஒரு குறிப்பு இருக்கும். கோப்பு ஜிப் வடிவில், கடவுச்சொல் போட்டு வரும். "நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்" என்று எழுதியிருக்கும். கடவுச்சொல் போட்ட ஜிப்பின் உள்ளே இருப்பதை ஆன்டிவைரஸால் திறந்து பார்க்க முடியாது. திறந்த பின் பார்க்க வேண்டிய காவலாளியையோ நாமே அனுப்பிவிடுகிறோம். இப்படி உள்ளே வருபவற்றில் இன்று பரவலாக இருப்பது தகவல் திருடும் நிரல். அது கணினியைக் கெடுக்காது, வேகத்தைக் குறைக்காது, திரையில் எதையும் காட்டாது. பிரவுசரில் சேமித்து வைத்த கடவுச்சொற்களையும், 'குக்கி' எனப்படும் உள்நுழைவுச் சீட்டுகளையும் சில நிமிடங்களில் அள்ளிக்கொண்டு வெளியே அனுப்பிவிடும். ஒருமுறை உள்நுழைந்தால் ஜிமெயில் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்பதில்லை அல்லவா? அதற்குக் காரணம் அந்தச் சீட்டுதான். அதன் நகல் கையில் கிடைத்தவருக்குக் கடவுச்சொல்லும் வேண்டாம், உங்கள் கைபேசிக்கு வரும் ஓடிபியும் வேண்டாம். அத்தகைய நிரல் இன்னும் கணினியில் தங்கியிருந்து, நீங்கள் புதிய கடவுச்சொல்லை அதே கணினியில் தட்டச்சு செய்திருந்தால், புதியதையும் அவர்களிடம் கொடுத்துவிட்டீர்கள் என்றுதான் கொள்ள வேண்டும். பத்து நாளில் மறுபடியும் நடந்ததற்கு இந்த நிரல் காரணமாக இருக்கலாம்; பதில்கள் உங்களுக்கு வராமல் போனதற்கு மேலே சொன்ன கொல்லைப்புறக் கதவு காரணமாக இருக்கலாம்.

ஆகவே வரிசை முக்கியம். கணினியை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு, உங்கள் கைபேசியிலிருந்து கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று, மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று முதலில் பாருங்கள். வேறு யாருடையதாவது அங்கே இருந்தால் நீங்கள் எத்தனை முறை கடவுச்சொல்லை மாற்றினாலும் 'மறந்துவிட்டது' என்று சொல்லி அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அதைச் சரிசெய்த பின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அடுத்து, உள்நுழைந்துள்ள கருவிகளின் பட்டியலில் உங்கள் கைபேசியைத் தவிர மற்ற அனைத்தையும், வீட்டுக் கணினி உட்பட, வெளியேற்றுங்கள். கணக்கை அணுக அனுமதி பெற்ற வெளிச் செயலிகளில் தெரியாதவற்றை நீக்குங்கள். பிறகு இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். குறுஞ்செய்தியில் வரும் எண்ணைவிட, எண் உருவாக்கும் ஆதென்டிகேட்டர் செயலியோ, கைபேசியின் விரல்ரேகையோ திரைப்பூட்டோ கொண்டு உள்நுழையும் 'பாஸ்கீ'யோ மேலானது. சிம் கார்டின் நகலை மோசடியாகப் பெறுகிறவர்களிடம் குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்துவிடும். கூகுள் தரும் 8 இலக்கக் காப்பு எண்களைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களுடன் பீரோவில் வையுங்கள். கைபேசி தொலைந்தால் அவைதான் உங்களை உள்ளே விடும். நான் முன்பு சொன்ன ஃபில்டர், ரிப்ளை-டூ பகுதிகளை, நம்பகமான உறவினர் ஒருவரின் கணினியில், மூடியதும் உள்நுழைவு தங்காத 'இன்காக்னிட்டோ' சாளரத்தில் திறந்து பார்த்துச் சரிசெய்யுங்கள். வங்கி, வருமான வரி ஆகியவற்றின் கடவுச்சொற்களையும் இதே போல் வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

கணினியைச் சுத்தம் செய்வது அதற்கடுத்த வேலை. விண்டோஸிலேயே இருக்கும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பகுதியில் ஆஃப்லைன் ஸ்கேன் உண்டு. விண்டோஸ் முழுமையாக இயங்கத் தொடங்குவதற்கு முன்பே தேடுவதால், ஒளிந்திருப்பவை அதில் சிக்க வாய்ப்பு அதிகம். டிஃபெண்டரின் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலையும் பாருங்கள். இந்த இடத்தைச் சோதிக்காதே என்று திருட்டு மென்பொருள்கள் தங்கள் கோப்புறையை அங்கே எழுதி வைப்பதுண்டு. இவ்வளவையும் சொன்ன பிறகு என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன்: வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் இப்படி ஒன்று நுழைந்திருந்தால், ஸ்கேன் முடிவில் 'எதுவும் இல்லை' என்று வந்தாலும் நான் நம்பமாட்டேன். படங்களையும் ஆவணங்களையும் மட்டும் வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு, வட்டை முழுவதும் அழித்து, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து வேறு கணினியில் இறக்கிய விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே நிம்மதி தரும். அந்த ஹார்டு டிஸ்க்கைப் பிறகும் காப்புப் பிரதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நகலெடுக்கும் நேரம் தவிர மற்ற நேரத்தில் கணினியில் செருகி வைக்க வேண்டாம்.

எந்த விண்டோஸ் என்பதும் கேள்விதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நின்றுவிட்டன. மைக்ரோசாஃப்டின் நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொள்ளும் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை அவை கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. திருத்தம் போடாத கணினிக்கு என்ன நேரும் என்பதை 2017-இல் உலகமே பார்த்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் 'வான்னாக்ரை' என்ற நிரல் பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. அதைப் போடாமல் விட்ட கணினிகளை மே 12 அன்று அது வாரிச் சுருட்டியது, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் உட்பட. உங்கள் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்கும் என்றால் அதையே நிறுவுங்கள். ஏற்காது என்றால், பிரவுசரும் மின்னஞ்சலும் மட்டுமே உங்கள் தேவை என்பதால், விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய 'லினக்ஸ் மின்ட்' என்ற இயங்குதளம் உங்களுக்குப் போதும். அது இலவசம், சட்டப்படியே இலவசம்.

ஆன்டிவைரஸ் வாங்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்பது என் பதில். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் வீட்டுப் பயன்பாட்டுக்குப் போதுமானது, அதை அணைக்காத வரையில். அணைக்கச் சொல்லும் எந்தக் கோப்பையும் திறக்காமல் இருப்பது, விலை கொடுத்து வாங்கும் எந்த ஆன்டிவைரஸையும் விடப் பலன் தரும். 'உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, இந்த எண்ணை அழையுங்கள்' என்று திரை முழுவதும் ஓர் எச்சரிக்கை வந்தால், அது மோசடி என்று ஐயமின்றிக் கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருப்பதில்லை.

இணைப்புக் கோப்புகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். 2000 மே மாதத்தில் உலகைச் சுற்றி வந்த 'ஐ லவ் யூ' வைரஸின் கோப்புப் பெயர் 'டிஎக்ஸ்டி.விபிஎஸ்' என்று இரட்டை வாலுடன் முடிந்தது. தெரிந்த கோப்பு வகை என்றால் கடைசி வாலை விண்டோஸ் மறைத்துவிடும் என்பதால், பார்த்தவர்களுக்கு 'டிஎக்ஸ்டி' மட்டுமே தெரிந்தது. 'விபிஎஸ்' என்பது இயங்கும் நிரல் என்று தெரியாமல், வெறும் எழுத்துக் கோப்பு என்று நம்பித் திறந்தார்கள். கால் நூற்றாண்டு கடந்தும் விண்டோஸ் அந்த வாலை இயல்பாக மறைத்தே வைக்கிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' பகுதிக்குச் சென்று 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை இன்றே இயக்குங்கள். 'பில்.பிடிஎஃப்' என்று தெரிந்தது 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்று, இயங்கும் நிரலாகத் தன் உண்மை முகத்தைக் காட்டும்.

சுட்டிகளைப் பொறுத்தவரை, இணைய முகவரியை இடமிருந்து படிப்பது தவறு. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டைக் கடந்து, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் எது இருக்கிறதோ, அதுவே உண்மையான உரிமையாளரின் பெயர். அதற்கு முன்னே யாருடைய பெயரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ள முடியும். இந்திய வங்கிகள் தங்கள் தளங்களை 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. உங்கள் வங்கியின் அந்த முகவரியை நீங்களே தட்டச்சு செய்து புத்தகக்குறியாக வைத்துக்கொண்டு, எப்போதும் அதன் வழியாகவே செல்லுங்கள்.

கடவுச்சொல்லில் நீளம்தான் வலிமை. அடிக்கடி மாற்றச் சொல்லும் பழைய அறிவுரையை அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான 'நிஸ்ட்' 2017-இலேயே கைவிட்டுவிட்டது. கசிந்ததாகத் தெரிந்தால் மட்டும் மாற்றினால் போதும். தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதினால், உதாரணத்துக்கு 'முருங்கை தறி பதினெட்டு கம்பளி' என்பது போல, நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் அரிது. மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மட்டும் வேறு எந்தத் தளத்துக்கும் வைக்காதீர்கள். 2013-இல் யாஹூவில் நிகழ்ந்த ஊடுருவலில் 300 கோடி கணக்குகளின் தகவல்கள் கசிந்தன. ஓர் இடத்தில் கசியும் கடவுச்சொல்லை மற்ற தளங்களில் போட்டுப் பார்ப்பதற்கென்றே தானியங்கி நிரல்கள் இருக்கின்றன. வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வைப்பதில் தவறில்லை. திருடன் இருப்பது வெளியூரில்.

உங்கள் அஞ்சல் பெட்டியில் 'ஆதார்', 'பான்' என்று தேடிப் பாருங்கள். எப்போதோ யாருக்கோ அனுப்பிய நகல்கள் 'சென்ட்' பகுதியில் கிடக்கும். அவற்றை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். பல வங்கிகளின் மாதாந்திரக் கணக்கு அறிக்கைகளுக்குக் கடவுச்சொல் உங்கள் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த தேதியும்தான். ஆதார் நகலைப் பார்த்தவர் அதைத் திறக்க ஒரு நிமிடம் போதும். நுழைந்தவர்கள் இவற்றை ஏற்கெனவே எடுத்திருக்கக்கூடும் என்பதால், ஆதாரின் பயோமெட்ரிக் பூட்டு வசதியையும் இயக்கிவிடுங்கள். வங்கியிடம் நடந்ததைச் சொல்லி, கணக்கில் அறியாத நடமாட்டம் உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பேரன். புதிய விண்டோஸை நிறுவும்போது இரண்டு பயனர் கணக்குகளை உருவாக்குங்கள். 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கணக்கின் கடவுச்சொல் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். அவனுக்கு 'ஸ்டாண்டர்டு' கணக்கு. மின்னஞ்சல் பார்க்க நீங்களும் இன்னொரு ஸ்டாண்டர்டு கணக்கையே பயன்படுத்துங்கள். கணினி முழுவதையும் தொடும் எதையாவது நிறுவ முயன்றால் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். அவனுக்குத் தேவை வீடியோ எடிட்டிங் என்றால், 'டாவின்சி ரிசால்வ்' மென்பொருளின் இலவசப் பதிப்பும் 'கேடென்லைவ்' என்ற திறந்தமூல மென்பொருளும் அவற்றின் சொந்தத் தளங்களிலேயே கிடைக்கின்றன. உங்கள் கணினி பழையது என்பதால் கேடென்லைவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.