நானூறு பக்கம் நம்பியவரிடம் என்ன சொல்வது?

கேள்வி: கதையைச் சொல்லும் 'நான்'தான் கொலைகாரன் என்பது கடைசி வரியில் தெரியும்படி ஒரு சிறுகதை எழுதினேன், படித்தவர்கள் பாராட்டினார்கள். அதையே 400 பக்க நாவலாக்கினேன். அதே முடிவுதான். இப்போது "ஏமாத்திட்டீங்களே" என்கிறார்கள். எங்கே தப்பு?

பதில்: சிறுகதை படிப்பவர் உங்களுக்குக் கொடுத்தது கால் மணி நேரம். கடைசி வரி தூக்கிவாரிப் போட்டதும் சிரித்துக்கொண்டே முதல் வரிக்குத் திரும்புவார். முழுக் கதையும் நினைவில் இருப்பதால் தடயங்களை அவரே பொருத்திக்கொள்வார். நாவல் வாசகரோ ஒரு வாரம் அந்தக் குரலோடு குடித்தனம் நடத்தியவர். 37-ஆம் பக்கத்துக் குறிப்பு அவருக்கு எங்கே ஞாபகம் இருக்கும்?

அகதா கிறிஸ்டி எழுதி 1926-இல் புத்தகமாக வந்த 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' நாவலைப் பாருங்கள். (படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். கிட்டத்தட்ட நூறு வருஷமாகியும் முடிவைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.) கதை சொல்லும் டாக்டர் ஷெப்பர்ட்தான் கொலையாளி. கொலையுண்ட அக்ராய்டுக்குக் கடிதம் வந்தது எட்டு நாற்பதுக்கு, தான் கிளம்பியது எட்டு ஐம்பதுக்கு என்று எழுதுகிறார். ஏதாவது செய்யாமல் விட்டுவிட்டோமா என்று கதவருகே தயங்கியதைக்கூட மறைக்கவில்லை. எல்லாம் உண்மை, நடுவில் கொலை நடந்த பத்து நிமிடம் மட்டும் காணோம். துப்பறியும் பொய்ரோ குட்டை உடைத்த பிறகும் நாவல் முடிவதில்லை. கடைசி அத்தியாயத்தில் ஷெப்பர்டே அந்த வரிகளை எடுத்துக்காட்டி, எவ்வளவு சாமர்த்தியமாக எழுதினேன் பார்த்தீர்களா என்கிறார். மறந்துபோன வாசகருக்கு கிறிஸ்டி செய்யும் உபகாரம் அது. ஷெப்பர்ட் எழுத உட்கார்ந்ததற்கும் காரணம் உண்டு: பொய்ரோ தோற்ற வழக்கு என்று ஒருநாள் வெளியிடும் ஆசை.

உங்கள் 'நான்' எதற்காக எழுதுகிறார்? சிறுகதையில் யாரும் கேட்க மாட்டார்கள். 400 பக்கம் எழுதியவரிடம் கேட்கத்தான் செய்வார்கள். அதற்கு விடை இல்லையென்றால் சிறுகதையோடு நிறுத்திக்கொள்வதே மேல்.

விடை இருந்தால், உண்மை வெளியாகும் இடத்தைக் கடைசி வரியிலிருந்து எடுத்து, இருபது முப்பது பக்கமாவது முன்னால் வையுங்கள். உண்மை தெரிந்த பிறகு அந்த ஆள் எப்படிப் பேசுகிறார் என்று கேட்க வாசகருக்கு இடம் வேண்டும். அப்புறம், கொலை நடந்த இரவின் அத்தியாயத்தை வரிவரியாகப் படியுங்கள். "அன்றிரவு வீட்டிலேயே இருந்தேன்" என்று இருந்தால் அது பச்சைப் பொய், வெட்டிவிடுங்கள். "பதினொரு மணிக்கு விளக்கை அணைத்தேன்" போதும். எந்த வீட்டு விளக்கு என்று அவர் சொல்ல வேண்டியதில்லை.