வாயு நொதித்தல் கேள்வி-பதில்: பாட்டிலுக்குள் புகும் காற்றும் விட்டுப்போகும் கரன்ட் கணக்கும்

வாயு நொதித்தல் என்றால், கார்பன் மோனாக்சைடையோ, ஹைட்ரஜனோடு சேர்ந்த கரியமில வாயுவையோ தின்று எத்தனாலும் அசிட்டிக் அமிலமும் தரும் பாக்டீரியாவை வளர்ப்பது.

கேள்வி: ரெசசூரின் (ஆக்சிஜன் பட்டால் இளஞ்சிவப்பாகும் சாயம்) போட்ட வளர்ப்பு ஊடகம், ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கிருமிநீக்கியிலிருந்து நிறமில்லாமல் வருகிறது. மூன்றாம் நாள் இளஞ்சிவப்பாகிவிடுகிறது. நாங்கள் போட்ட பாக்டீரியா, கிளாஸ்ட்ரிடியம் ஆட்டோஎத்தனோஜீனம், வளரவே இல்லை. ஏன்?

பதில்: காற்று புகுந்திருக்கிறது. என்ன மூடி போட்டீர்கள் என்பதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு ஊடகத்தின் செய்முறையை ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். சிலிக்கான் மூடி என்றால் வேறெங்கும் தேட வேண்டாம், ஆக்சிஜன் அதற்குள் தாராளமாக ஊடுருவும். தடித்த பியூட்டைல் ரப்பர் மூடி, அதன்மேல் நெரித்து இறுக்கும் அலுமினிய கிரிம்ப். ஊசி குத்திக் குத்திச் சல்லடையான மூடியைத் தூக்கிப் போடுங்கள். ஊடகத்தைக் கொதிக்கவிட்டு, நைட்ரஜன் ஊதியபடியே ஆறவைத்து, அதே ஓட்டத்தில் பாட்டில்களில் ஊற்றி மூடி, 121 டிகிரியில் 20 நிமிடம் வையுங்கள். மிச்ச ஆக்சிஜனை நீக்கும் சிஸ்டீனைத் தனியே காற்றகற்றி வைத்து, லிட்டருக்கு அரை முதல் ஒரு கிராம் வரை, விதைப்பதற்கு (பாக்டீரியாவைச் சேர்ப்பதற்கு) முன் ஊசியால் சேருங்கள். இளஞ்சிவப்பு முழுக்க மறைந்த பிறகே 10 சதவீதம் விதை. சிலிண்டர் நைட்ரஜனிலும் கொஞ்சம் ஆக்சிஜன் இருக்கும். சூடான செம்புத் துகள் குழாய் வழியே விட்டால் பிடிபட்டுவிடும்.

கேள்வி: வீட்டில் வினிகர் தாய் வைத்திருக்கிறேன். அதை வைத்து இதைச் செய்யலாமா?

பதில்: முடியாது. வினிகர் செய்யும் அசிட்டோபாக்டருக்குக் காற்று வேண்டும், இவற்றுக்குக் காற்று நஞ்சு. இவற்றை அசிட்டோஜென் என்பார்கள், பெயரில் மட்டும்தான் ஒட்டு.

கேள்வி: சாண எரிவாயுவை நேரடியாகச் செலுத்தி எத்தனால் எடுக்க முடியுமா? அசிட்டோஜெனசிஸ் (அசிட்டிக் அமிலம் உருவாதல்) அந்தத் தொட்டியிலேயே நடப்பதாகப் பாடநூலில் இருக்கிறதே.

பதில்: மீத்தேனை இவை சீண்டாது. அதோடு இருக்கும் கரியமில வாயு, ஹைட்ரஜன் இல்லாமல் உதவாது. பாடநூல் சொல்லும் அசிட்டோஜெனசிஸ் வேறு: புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களை உடைத்து, ஹைட்ரஜனை வெளியே விடும் கூட்டம் அது. நாம் பேசும் கூட்டம் ஹைட்ரஜனைத் தின்னும். ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்த குழப்பம் இன்னும் தீரவில்லை.

கேள்வி: “கரியமில வாயுவைத் தின்று எரிபொருள் தரும் பாக்டீரியா” என்று செய்திகளில் பார்க்கிறோம். அனல்மின் நிலையப் புகைபோக்கியில் பொருத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்ததல்லவா?

பதில்: இப்படி எழுதுகிறவர்கள் ஹைட்ரஜன் என்ற ஒரு சொல்லை மட்டும் பத்திரமாக விட்டுவிடுகிறார்கள். கரியமில வாயு என்பது எரிந்து முடிந்த சாம்பல். சாம்பலைத் திரும்ப விறகாக்க ஆற்றல் எங்கிருந்து வரும்?

கணக்குப் போடுங்கள். இரண்டு மூலக்கூறு கரியமில வாயு, ஆறு ஹைட்ரஜன் சேர்ந்தால் ஒரு எத்தனால், மூன்று தண்ணீர். ஒரு கிலோ எத்தனாலுக்குக் கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே ஹைட்ரஜன். மின்பகுப்பில் கிலோ ஹைட்ரஜனுக்கு 50 முதல் 55 யூனிட் வரை போகும். ஆக எத்தனால் கிலோவுக்கு ஏறக்குறைய 14 யூனிட். அதை எரித்தால் திரும்பி வருவது ஏழரை யூனிட் அளவு வெப்பம்தான். காய்ச்சி வடிக்கும் செலவை இன்னும் சேர்க்கவே இல்லை. நிலக்கரி மின்சாரம் யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயுவை விடும். அந்த மின்சாரத்திலேயே ஹைட்ரஜன் எடுத்தால், 2 கிலோவைப் பிடிக்க 14 கிலோவை விட்டிருப்பீர்கள். போதாக்குறைக்கு, புகைபோக்கி வாயுவில் ஆக்சிஜன் உண்டு, நைட்ரிக் ஆக்சைடும் உண்டு. நைட்ரிக் ஆக்சைடு, ஹைட்ரஜனைப் பயன்படுத்தும் ஹைட்ரஜனேஸ் நொதியையே முடக்கிவிடும்.

கார்பன் மோனாக்சைடு வழியிலும் மறைக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. ஆறு மோனாக்சைடில் ஒரு எத்தனால் வரும்போது நான்கு கரியமில வாயு வெளியேறும். கிலோ எத்தனாலுக்கு மூன்றரை கிலோவுக்கு மேல் மோனாக்சைடு உள்ளே, கிட்டத்தட்ட நாலு கிலோ கரியமில வாயு வெளியே. வீணாக எரித்துவிடும் ஆலை வாயு என்றால் இதுவும் லாபம்தான், மூன்றில் ஒரு பங்கு கார்பனாவது மிஞ்சும். அந்த வாயுவை எரித்து ஆலை ஏற்கெனவே மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்தால், அந்த மின்சாரத்துக்கு மாற்று எது என்று கேளுங்கள். சுத்தமான மின்சாரம், வீணாகும் மோனாக்சைடு, இரண்டில் ஒன்றாவது கையில் இருந்தால் மட்டும் பேசலாம்.

கேள்வி: எஃகு ஆலையின் எந்த வாயு நல்லது?

பதில்: கன்வர்ட்டர் வாயு, அதாவது இரும்பை எஃகாக்கும் கலனில் வருவது. மோனாக்சைடு 60 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஊது உலை வாயுவில் பாதி நைட்ரஜன், மோனாக்சைடு கால்பங்குக்குள்தான். கோக் அடுப்பு வாயுவில் ஹைட்ரஜன் அதிகம். கூடவே தார், பென்சீன். சீனாவில் சௌகாங் எஃகு ஆலையோடு லான்சாடெக் நிறுவனம் 2018-ல் தொடங்கிய ஆலைதான் வணிக அளவில் முன்னோடி. பெல்ஜியத்தின் கென்ட்டிலும் எஃகு ஆலை வாயுதான். பானிபட்டில் இந்தியன் ஆயில் எடுத்துக்கொண்டது சுத்திகரிப்பு ஆலையின் கழிவு வாயுவை.

கேள்வி: எத்தனாலே வரவில்லை, எல்லாம் அசிட்டிக் அமிலம். பாட்டிலில் பிஹெச் 6-ல் ஆரம்பித்தோம். பாக்டீரியா வகையே பழுதா?

பதில்: பாக்டீரியாவைக் குறை சொல்லாதீர்கள். அமிலம் செய்தால் அதற்கு ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) கிடைக்கிறது, வளரும்போது அதைத்தான் செய்யும். எலக்ட்ரான் மிஞ்சும்போது எத்தனாலுக்குத் திரும்பும். 5.8-ஐ ஒட்டி நன்றாக அடர்ந்து வளரவிட்டு, மெல்ல 5-க்கு இறக்கி, வாயுவைக் கூட்டுங்கள். ஒரேயடியாக இறக்கினால் கதை முடிந்தது: பிஹெச் 6-ல் அசிட்டிக் அமிலத்தில் 5 சதவீதம்தான் அயனியாகப் பிரியாத வடிவில் இருக்கும், 4.8-ல் பாதி. அது சவ்வைத் தாண்டி உள்ளே போய்ச் செல்லைக் கொல்லும். பிஹெச் கட்டுப்பாடு இல்லாத பாட்டிலில் இதை நடத்த முடியாது, சிறிய நொதிகலன் தேவை. டங்ஸ்டன், செலினியம், நிக்கல் மூன்றும் நுண்தனிமக் கரைசலில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கலனுக்குப் போகும் குழாய் சிலிக்கானா? மாற்றுங்கள்.

இன்னொன்று: தண்ணீரில் மோனாக்சைடு லிட்டருக்கு 25 மில்லிகிராம் அளவே கரையும். ஒரு கிராம் எத்தனாலுக்கு அந்த அளவு 150 தடவை கரைந்து தீர வேண்டும். பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் பட்டினி. படுக்கவைத்து ஆட்டுங்கள்.

கேள்வி: விறகு கேசிஃபையர் (குறைந்த காற்றில் விறகை வாயுவாக்கும் கருவி) தரும் வாயு பயன்படுமா?

பதில்: தாரையும் ஆக்சிஜனையும் எடுத்த பிறகு, பயன்படும். ஹைட்ரஜன் சயனைடையும் பாருங்கள். ஃப்ளோரிடாவின் வீரோ பீச்சில் இனியாஸ் பயோ நிறுவனம் கட்டிய ஆலையை நோகடித்தது அதுதான். ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சம் இருந்தால் பயப்படாதீர்கள், அது இவற்றுக்குக் கந்தகம்.

கேள்வி: கிளாஸ்ட்ரிடியம் என்றால் டெட்டனஸ் வகையல்லவா? ஆபத்தில்லையா?

பதில்: இந்த வேலைக்கு எடுக்கும் கிளாஸ்ட்ரிடியம் லியுங்டாலி, ஆட்டோஎத்தனோஜீனம் இரண்டும் நோய் தராதவை. ஆபத்து சிலிண்டரில் இருக்கிறது. மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; 1200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1200 பங்கு) உயிருக்கு உடனடி ஆபத்து, 12 சதவீதத்துக்கு மேல் தீப்பிடிக்கும். சிலிண்டர் ஆய்வகத்தின் புகை உறிஞ்சும் கூண்டுக்குள் அல்லது கட்டடத்துக்கு வெளியே, வெளியேறும் வாயு கூண்டுக்குள், 25 பிபிஎம்மில் அலறும் மீட்டர் சட்டையில். மீட்டர் வாங்கப் பணமில்லை என்று எழுதியவருக்கு: ஃபிரக்டோஸ் போட்டு வளர்த்துப் பாருங்கள், சிலிண்டர் திறக்காதீர்கள்.