ஒரு வாரம் கரண்டே இல்லாத மலைப்பாதைக்கு ஸ்மார்ட்வாட்ச் பேட்டரி தாங்குமா?

"காஷ்மீர் கிரேட் லேக்ஸ் மலைநடை மொத்தமே 7 நாள், வாட்ச் டப்பாவில் 14 நாள் பேட்டரி என்று போட்டிருக்கிறது, அப்புறம் பவர் பேங்க் எதற்கு, வீண் சுமைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் மச்சினன் கேட்டது போலவே இருக்கிறது. அவனும் இதே கணக்கைத்தான் போட்டான், அதே பாதைக்குத்தான் வந்தான். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேரடிப் பதில்: தாங்காது. அந்த 14 நாள் என்பது நீங்கள் ஆபீசில் உட்கார்ந்து மணி பார்த்து, நாலு மெசேஜ் வந்ததைப் பார்த்து, சாயங்காலம் அரை மணி நேரம் வாக்கிங் போகிற 14 நாள். மலையில் நாள் கணக்கு செல்லாது. ஜி.பி.எஸ். எத்தனை மணி நேரம் ஓடும் என்பதுதான் கணக்கு. கார்மின் இன்ஸ்டிங்ட் 2 என்ற மாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண உபயோகத்துக்கு 28 நாள், ஜி.பி.எஸ். போட்டால் 30 மணி நேரம். இரண்டுமே அந்தக் கம்பெனி வெளிப்படையாகக் கொடுக்கும் எண்கள்தான், நாம்தான் முதல் எண்ணோடு படிப்பதை நிறுத்திவிடுகிறோம். ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா 2-க்குச் சாதாரண உபயோகத்துக்கே 36 மணி நேரம், லோ பவரில் 72 என்று போட்டிருக்கிறார்கள். கோரோஸ் வெர்ட்டிக்ஸ் 2-க்கு ஜி.பி.எஸ். போட்டே 140 மணி நேரம். விலையை வைத்து இதை ஊகிக்க முடியாது, அந்த ஒரு வரியைத் தேடிப் படித்துத்தான் ஆக வேண்டும்.

உங்கள் பாதை சோனமார்கில் தொடங்கி நாரநாக்கில் இறங்குகிறது. சுமார் 70 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் நடை. எப்படிக் கூட்டினாலும் 40 மணி நேரத்துக்குக் கிட்டே வந்துவிடும். நடுவில் பிளக் பாயின்ட் கிடையாது, கடை கிடையாது. விஷன்சர், கட்சர், சத்சர், கங்காபல் என்று ஏரியும் புல்வெளியும்தான்.

மச்சினன் கட்டிவந்தது பளபளவென்று ஆமோலெட் திரை, அதாவது தானே ஒளிவிடும் கலர் திரை போட்ட வாட்ச். பிராண்ட் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அந்த ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். என்னுடையது பழைய மாடல், மங்கலான கறுப்பு வெள்ளைத் திரை. ரயிலில் ஏறியதிலிருந்தே கிண்டல். "மாமா, இதென்னங்க, கரண்ட் மீட்டரைக் கழட்டிக் கையில கட்டிட்டு வந்திருக்கீங்க?" சரி மாப்ளே, பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள் மதியம் அவன் வாட்சில் பாதிக்கும் கீழே போய்விட்டது. ஏன் என்று பின்னாலேயே நடந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. இரண்டு கையிலும் டிரெக்கிங் கோல். ஒவ்வொரு முறை கோலைத் தூக்கி ஊன்றும்போதும் மணிக்கட்டு திரும்புகிறது. மணி பார்க்கிறார் போலிருக்கிறது என்று வாட்ச் நினைத்துத் திரையைப் பளிச்சென்று எரிய விடுகிறது. நல்ல வெயில் வேறு, வெளிச்சத்துக்கு ஏற்ப முழு பிரைட்னஸ். ஒரு மணி நேர ஏற்றத்தில் எத்தனை நூறு தடவை எரிந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். என் வாட்சின் திரை வேறு ரகம், வெயில் பட்டால் அந்த வெளிச்சத்திலேயே தெரியும். அதற்கென்று தனியாகக் கரண்ட் செலவாகாது. அழகு இல்லைதான். 4,200 மீட்டர் கணவாயில் ஏறும்போது அழகு யாருக்கு வேண்டும்?

இன்னொன்று, அவன் வாட்சில் தனி இ-சிம், அதாவது போன் இல்லாமலே டவரோடு பேச உள்ளேயே இருக்கும் சிம். சிக்னல் இல்லாத இடத்தில் அது சும்மா இருக்காது, டவரைத் தேடித் தேடியே தீர்ந்துபோகும். போன் பையில் அணைந்து கிடந்தால் ப்ளூடூத்தும் அதைத் தேடிக்கொண்டே இருக்கும். போதாததற்கு ராத்திரி முழுக்க ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளக்கும் வசதியையும் போட்டு வைத்திருந்தான். உயரத்தில் ஆக்ஸிஜன் பார்ப்பது நல்லதுதானே என்பீர்கள். ஆனால் குளிரில் விறைத்த கையில், பட்டை தளர்வாக இருந்தால், வாட்ச் காட்டும் எண்ணை நம்ப முடியாது. எங்கள் குழுவில் ஒருவர் கூடாரத்தில் வாட்ச் 80 சதவீதம் காட்டியதைப் பார்த்துவிட்டுத் தூங்கவே இல்லை. காலையில் கைடு விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தால் 90-க்கு மேல். அந்த வேலைக்கு விரல் கருவி போதும், அது கைடிடமே இருக்கும்.

இப்போது பவர் பேங்க் விஷயம். இதை யாரும் எழுதுவதில்லை. மச்சினன் கடைசியில் என் பேச்சைக் கேட்டு 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்று கொண்டுவந்திருந்தான். வாட்ச் பேட்டரி பெரும்பாலும் சில நூறு எம்.ஏ.எச்.தான், வீணாவதைக் கழித்தாலும் பத்துப் பதினைந்து தடவை சார்ஜ் ஏற்றலாம். கட்சர் கேம்ப்பில் மழை. கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு மாட்டிவிட்டான். நாலு நீலப் புள்ளி எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அணைந்தது. வாட்ச் நிறைந்துவிட்டது என்று நினைத்துத் தூங்கிவிட்டான். விடிந்து பார்த்தால் ராத்திரி இருந்ததைவிட ரெண்டு சதவீதம்தான் கூட.

பவர் பேங்க் கெட்டுப்போகவில்லை. வாட்ச் இழுக்கும் கரண்ட் ரொம்பக் கம்மி. "யாரும் ஒன்றும் மாட்டவில்லை" என்று முடிவு பண்ணிப் பல பவர் பேங்குகள் தானாகவே அணைந்துவிடும். சிலவற்றில் பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் சிறிய கருவிகளுக்கான மோட் வரும், வாங்கும்போதே அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இன்னொரு போர்ட்டில் போனையோ ஹெட்லேம்பையோ சேர்த்து மாட்டுங்கள், பெரும்பாலும் அணையாது. அன்றைக்கு என் ஹெட்லேம்ப்தான் அவன் வாட்சைக் காப்பாற்றியது. அதற்கப்புறம் கரண்ட் மீட்டர் பேச்சு வரவில்லை.

"சோலார் வாட்ச் வாங்கினால் போச்சு" என்று கீழே ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். சோலார் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. கார்மின் கொடுக்கும் சோலார் கணக்கு தினம் 3 மணி நேரம் 50,000 லக்ஸ் வெளிச்சம் படும் என்று வைத்துப் போட்டது. அது நல்ல திறந்தவெளி வெயில். வாட்ச் சட்டைக் கைக்குள் இருந்தால் பூஜ்யம். அந்த உயரத்தில் வெயில் தோலை உரிக்கும் என்று எல்லாரும் முழுக்கைதான் போட்டிருப்போம். மதியத்துக்கு மேல் மேகம் வேறு. வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதை நம்பிப் பவர் பேங்கை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

"அந்தக் காலத்தில் எல்லாம் வாட்சா கட்டிக்கொண்டு மலை ஏறினார்கள்? குதிரைக்காரர் வானத்தைப் பார்த்தே மழை சொல்கிறாரே" என்று ஒரு கமென்ட் வரும், தெரியும். அவர் பிறந்ததிலிருந்து அந்த மலையில் இருக்கிறார். நான் கோயம்புத்தூர் பீளமேட்டுக்காரன். பனிமூட்டத்தில் பாதை தெரியாமல் போனால் வந்த வழியைத் திருப்பிக் காட்டுகிற ஒரு கருவி எனக்கு வேண்டும். காற்றழுத்தம் சட்டென்று இறங்கினால் சொல்ல வேண்டும். உயரம் தெரிய வேண்டும். இந்தக் கடைசி இரண்டுக்கும் ஜி.பி.எஸ். தேவையே இல்லை, வாட்சுக்குள் காற்றழுத்தம் அளக்கும் பாரோமீட்டர் போதும். அது பேட்டரி தின்பதும் ரொம்பக் கம்மி. கேம்ப்பில் கைடு சொல்லும் உயரத்தை வைத்துச் சரிசெய்துகொண்டால் போதும்.

பாதையைப் பதிவு பண்ண ஆசை என்றால் ஜி.பி.எஸ். சேமிப்பு மோட் போடலாம். ஆனால் அதில் இடைவெளி விட்டு விட்டுத்தான் புள்ளி வைக்கும். வளைந்து வளைந்து ஏறும் இடங்களில் நேர்கோடாக இழுத்துவிடும், தூரம் குறைவாகக் காட்டும். வந்து இறங்கி "நான் இவ்வளவுதான் நடந்தேனா" என்று வருத்தப்படாதீர்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. லீவ் கேட்டபோது என் மேனேஜர், "நெட்வொர்க் இல்லையா? அப்போ சாட்டிலைட் போன் எடுத்துட்டுப் போங்களேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் விளையாட்டில்லை. குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டு என்றால் மறு கேள்வி கிடையாது. மச்சாண்டார் வீட்டுக் கிரகப்பிரவேசம் என்றால் "போயிட்டு வாங்க" என்பார். மலைக்குப் போகிறேன் என்றால் மட்டும் ஏதோ தப்புச் செய்துவிட்டு ஓடிப்போகிறவனைப் பார்ப்பது போல ஒரு பார்வை. வருஷம் முழுக்க ராத்திரி பதினோரு மணிக்கு வெளிநாட்டுக் கால் எடுக்கிறேன், அப்போது யாரும் காரணம் கேட்டதில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், மன்னிக்கவும்.

சம்பந்தம் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். சாட்டிலைட் வழியாக மெசேஜ் அனுப்பும் சின்னக் கருவிகளும் அப்படித்தான். இதில் மாட்டி விமான நிலையத்தில் பிடிபட்ட வெளிநாட்டுக்காரர்கள் உண்டு. அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா பையன் வாங்கிக் கொடுத்தான் என்று அதைக் காஷ்மீருக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வழியில் ராணுவம் அடையாள அட்டை பார்த்துத்தான் விடுவார்கள். பவர் பேங்கும் செக்-இன் பையில் போகக் கூடாது, கைப்பையில்தான்.

குளிரைப் பற்றி: ஜூலை, ஆகஸ்டில் போனால் பெரிய கவலை இல்லை. செப்டம்பர் கடைசி என்றால் ராத்திரி வாட்சையும் பவர் பேங்கையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுக்கொள்ளுங்கள். குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் சார்ஜே போடாதீர்கள், உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். விறைத்துக் கிடந்தால் கொஞ்ச நேரம் உடம்போடு வைத்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள்.

புது வாட்ச் வாங்கச் சொல்லவில்லை. இருப்பதை முதலில் சோதித்துப் பாருங்கள். நான் வெள்ளியங்கிரி ஏறும்போது பார்ப்பேன். பிப்ரவரியிலிருந்து மே வரை விடுவார்கள், ராத்திரி ஏறி விடியும்போது மேலே போய்ச் சேரலாம். கையைத் தூக்கினால் எரிவதையும், ப்ளூடூத்தையும், ஆக்ஸிஜனையும் அணைத்துவிட்டு ஜி.பி.எஸ். மட்டும் போடுங்கள். மணிக்கு எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று குறித்துக்கொண்டு 40-ஆல் பெருக்குங்கள். 100-க்குள் வந்தால் பவர் பேங்க் வெறும் பாதுகாப்புக்கு. 200 வந்தால் நடுவில் ஒரு தடவை முழுசாகச் சார்ஜ் போட வேண்டும், அவ்வளவுதான். சார்ஜிங் கேபிள் மட்டும் ரெண்டு எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ச் கேபிள் கம்பெனிக்கு ஒன்று, தொலைந்தால் கூட வருகிறவர்களிடம் கடன் வாங்க முடியாது.

மறந்துவிட்டேன், வெளி மாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டுக்கு மாற்றிக்கொண்டு போங்கள், மாற்றக் கொஞ்ச நாள் ஆகும்.