மழைக்காட்டுக்கு எந்த பாக்கெட் கேமரா?

கேள்வி: நான் பொள்ளாச்சியில் பள்ளி ஆசிரியை. விடுமுறை நாட்களில் வால்பாறை, டாப்ஸ்லிப் பக்கம் குழுவாக மலையேறுவோம். செடி, பூச்சி, காளான் என்று படமெடுத்து வகுப்பில் காட்டுவேன். தண்ணீர் புகாது என்று விளம்பரம் செய்த ஐபி68 போன், போன மாதம் அருவியில் நனைந்து செத்துவிட்டது. உள்ளே தண்ணீர் போயிருப்பதால் வாரண்டி இல்லை என்று சர்வீஸ் சென்டரில் கைவிரித்துவிட்டார்கள். இப்போது ஒரு கடையில் ஒலிம்பஸ் டிஜி-6 கேமராவை 'இம்போர்ட் பீஸ், பில் இல்லாமல் 8,000 ரூபாய் குறைவு, ஒரு வருடம் கடை வாரண்டி' என்கிறார்கள். தம்பியோ ஆன்லைனில் 48 மெகாபிக்சல் 'ஹன்டிங் கேமரா' ஆறாயிரத்துக்கே கிடைக்கும்போது ஏன் செலவு என்கிறான். எதை வாங்கலாம்?

பதில்: கேமரா சரி, டீச்சர். கடைதான் தப்பு. டிஜி-6, அல்லது அதற்குப் பின் 2023-ல் வந்த டிஜி-7, உங்கள் வேலைக்கு நன்றாகவே பொருந்தும். பில்லோடு வாங்குங்கள். தம்பி சொல்வதற்குக் கீழே வருகிறேன்.

முதலில் போன். ஐபி68 என்பது தூசி, தண்ணீர் தாங்கும் சோதனைகளின் தரக்குறி. அதில் கடைசி 8, அசையாத நல்ல தண்ணீருக்குள் முக்கிவைத்துப் பார்க்கும் சோதனை. எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம் என்பதைக் கம்பெனியே முடிவு செய்துகொள்ளலாம். பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கு வேறு சோதனை உண்டு, அதற்கு 5, 6 என்று வேறு எண்கள். அருவி பீய்ச்சி அடிக்கிற ரகம். ஆக, தொட்டியில் பாஸான போனை நீங்கள் வேறொரு பரீட்சையில் உட்கார வைத்துவிட்டீர்கள். இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். விளம்பரத்தில் போனோடு நீச்சல் குளத்தில் குதிப்பார்கள். வாரண்டிச் சீட்டின் பொடி எழுத்தில் தண்ணீர் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று போட்டிருப்பார்கள். இரண்டையும் அச்சடிப்பது ஒரே கம்பெனி. இதைத் தட்டிக் கேட்பவர்கள் குறைவு.

இன்னொரு போன் வாங்கி அதையே காட்டில் கேமராவாக வைத்துக்கொள்ளலாமே என்று நினைக்காதீர்கள். மழையில் தொடுதிரை நம் விரலையும் நீர்த்துளியையும் பிரித்துப் பார்க்கத் திணறும். அதைவிட முக்கியம், காட்டில் யாருக்காவது கால் பிசகினால் கூப்பிடுவதற்கும், வழி பார்ப்பதற்கும், இருட்டினால் டார்ச் அடிப்பதற்கும் இருப்பது அந்தப் போன்தான். அதைக் காளான் படமெடுத்தே சார்ஜ் தீர்க்கக் கூடாது. ஜிப் பையில் போட்டு முதுகுப்பையின் உள்ளறையில் வையுங்கள்.

டிஜி-6, டிஜி-7 இரண்டிலும் லென்ஸ் வெளியே நீண்டு வராது; ஜூம் எல்லாம் உள்ளேயே நடக்கும். அதனால்தான் தண்ணீரும் மண்ணும் நுழைய வழி குறைவு. தொடுதிரை கிடையாது, எல்லாமே பட்டன். 15 மீட்டர் ஆழம், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுவது, 100 கிலோ அழுத்தம், மைனஸ் 10 டிகிரி குளிர் எல்லாம் தாங்கும் என்பது கம்பெனி கணக்கு. எடை கால் கிலோ. லென்ஸ் முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதைக்கூடப் பளிச்சென்று எடுக்கும் மைக்ராஸ்கோப் வசதி இருக்கிறது. அட்டை கடித்த காலையும் காளானின் அடிப்பக்க மடிப்புகளையும் வகுப்பில் காட்ட அதைவிட வேறென்ன வேண்டும்?

'12 மெகாபிக்சல்தானா?' என்று கடையில் உதட்டைப் பிதுக்குவார்கள். விடுங்கள். இதில் படத்தைப் பதியும் சில்லு, அதாவது சென்சார், விரல்நகத்தைவிடச் சிறியது. அதில் கூடுதல் மெகாபிக்சலைத் திணித்தால் இருட்டில் படம் புள்ளி புள்ளியாகத்தான் வரும். நீங்கள் கேட்க வேண்டிய எண் வேறு: லென்ஸின் 'எஃப்' எண். அது சிறியதாக இருந்தால் உள்ளே வரும் வெளிச்சம் அதிகம். டிஜி-6, 7 இரண்டுக்கும் ஜூம் செய்யாத நிலையில் 2.0. இதே ரகத்துப் போட்டிக் கேமராவான ரிக்கோ டபிள்யூஜி-80-க்கு 3.5. கேட்க சின்ன வித்தியாசம்தான், ஆனால் வெளிச்சத்தில் மூன்று மடங்கு. சோலைக்காட்டுக்குள் நடுப்பகலிலும் மங்கலாக இருக்கும் இடத்தில் படம் ஆடாமல் வருமா, வராதா என்பது இதில்தான் இருக்கிறது. ரிக்கோ விலை குறைவு, 14 மீட்டர் ஆழம் தாங்கும். வெட்டவெளியில் எடுக்க மோசமில்லை. நிக்கான் டபிள்யூ300, ஃபியூஜி எக்ஸ்பி140 போன்றவை தயாரிப்பு நின்றுபோனவை. 'பெட்டி பிரிக்காத புதுசு' என்று நீட்டினாலும் வேண்டாம். பிரிக்காத பெட்டிக்குள்ளும் ரப்பருக்கு வயதாகும், பேட்டரிக்கும் வயதாகும்.

டிஜி-7-ன் மேல் ஒலிம்பஸ் என்ற பெயர் இருக்காது, 'ஓஎம் சிஸ்டம்' என்று இருக்கும். டூப்ளிகேட் என்று பயப்பட வேண்டாம். ஒலிம்பஸின் கேமராப் பிரிவு 2021 ஜனவரியில் தனிக் கம்பெனியானது. 6-க்கும் 7-க்கும் சென்சாரும் லென்ஸும் ஒன்றேதான். பெரிய மாற்றம், சார்ஜ் போடும் இடம் இப்போதைய போன்களைப்போல யூஎஸ்பி-சி ஆனது. அமெரிக்காவில் டிஜி-7-ன் அறிமுக விலையே 550 டாலர். இங்கே ஜிஎஸ்டி 18 சதவீதம். இதை மனதில் வைத்துக்கொண்டால், பாதி விலைக்குத் தருகிறேன் என்பவரிடம் எதையோ மறைக்கிறார் என்று உடனே தெரிந்துவிடும்.

நான் கேமரா பழுதுபார்ப்பவன். என் மேசைக்குத் தண்ணீர் புகுந்து வரும் 'வாட்டர்ப்ரூஃப்' கேமராக்களில் பெரும்பாலானவற்றில் கேமராமேல் குற்றமில்லை, மூடியை மூடியதில்தான். பேட்டரி-கார்டு மூடி ஒன்று, கேபிள் மூடி ஒன்று. அவற்றின் விளிம்பில் குக்கர் காஸ்கெட் மாதிரி மெல்லிய ரப்பர் ஓடும். 15 மீட்டர் என்ற பேச்செல்லாம் அந்த ரப்பரை நம்பித்தான். ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள், ஒரு நூல் அங்கே உட்கார்ந்தால் போதும். மூடும் முன் நூல் உதிராத உலர்ந்த துணியால் ரப்பரையும் அது பதியும் இடத்தையும் துடையுங்கள். மூடியதும் பூட்டைத் தள்ளிப் பாருங்கள். 'க்ளிக்' சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். ரப்பரை வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிக் கையேட்டிலேயே இருக்கிறது. மாற்றித் தரும் இடம் உங்கள் ஊரில் இருக்கிறதா என்பதைக் கேமரா வாங்கும் முன் கேட்க வேண்டும், வாங்கிய பிறகு தேடக் கூடாது. பாறையில் பலமாக விழுந்த கேமராவையும் பரிசோதிக்காமல் தண்ணீரில் இறக்காதீர்கள். விழுந்ததையும் தாங்கி, அதன் பின் தண்ணீரையும் தாங்கும் என்று எந்தக் கம்பெனியும் உறுதி தருவதில்லை.

அருவி ஓரத்தில் பேட்டரி மாற்றாதீர்கள். இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் அடுத்த மழைக்கு நாலு கேமரா மங்கிய கண்ணாடியோடு வந்துவிடும். சாரல் அடிக்கும் இடத்தில் மூடியைத் திறந்தால் ஈரக்காற்று உள்ளே போய்ச் சிறைப்படும். பிறகு குளிர்ந்த தண்ணீர் பட்டதும் அது லென்ஸின் உள்பக்கத்தில் பனியாய்ப் படியும், துடைக்கவும் முடியாது. பேட்டரி, கார்டு மாற்றுவதெல்லாம் முந்தின இரவே, உலர்ந்த அறையில். ஒரு பேட்டரிக்குச் சுமார் 340 படம் என்பது சோதனைக்கூடக் கணக்கு. ஃப்ளாஷும் வீடியோவும் சேர்ந்தால் குறையும். பகலுக்குள் தீரக்கூடாது என்றால் டிஜி-6-ல் போன வழியைப் பதிவு செய்யும் ஜிபிஎஸ் 'லாக்' (log) சுவிட்சை அணைத்து வையுங்கள். கேமராவை ஆஃப் செய்தாலும் அது ஓடிக்கொண்டே பேட்டரியைத் தின்னும்.

இப்போது தம்பியின் 'ஹன்டிங் கேமரா'. அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் மரத்தில் கட்டிவிட்டுப் போகும் பெட்டி அது. எதிரே விலங்கு நடந்தால் உடல் சூட்டை உணர்ந்து தானே படமெடுக்கும். கையில் பிடித்துக் காளான் எடுப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. 48 மெகாபிக்சல் என்பதும் பெரும்பாலும் ஊதிய கணக்கு: உள்ளே சில மெகாபிக்சல் சென்சார், மீதியை மென்பொருள் இட்டுக்கட்டும். இதே ஊதல் வேலையை 'வாட்டர்ப்ரூஃப் டிஜிட்டல் கேமரா' என்று பெயர் தெரியாத கம்பெனிகள் விற்கும் இரட்டைத் திரைப் பொம்மைகளிலும் பார்க்கலாம். நம் நாட்டில் வேட்டை 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் கேமராப் பெட்டி கட்டினால் வனத்துறை அதை ஆராய்ச்சி என்று எடுத்துக்கொள்ளாது. தம்பிக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பில் இல்லாத 'இம்போர்ட் பீஸ்' பற்றி எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. கடை வாரண்டி என்றால் அந்தக் கடை இருக்கும் வரை, அந்த ஆள் இருக்கும் வரை, அவருக்கு மனசு இருக்கும் வரை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வரிசை எண்ணைத் தட்டிப் பார்த்து, இது இந்தியாவில் விற்றதல்ல என்று திருப்பி நீட்டுவார்கள். காசு கொடுக்கிறேன், ரப்பராவது மாற்றுங்கள் என்றாலும் சில இடங்களில் வாங்க மறுப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டிக்குள் இருப்பது வெளிநாட்டில் தண்ணீர் புகுந்து திரும்பி வந்து, சரிசெய்து மூடிய கேமராவாகக்கூட இருக்கலாம். வெளியே பார்த்து உங்களாலும் சொல்ல முடியாது, திறந்து பார்க்காமல் என்னாலும் சொல்ல முடியாது. சாதாரணக் கேமராவில் இந்த ஆபத்தைச் சகித்துக்கொள்ளலாம். தண்ணீரில் இறக்குவதற்கென்றே வாங்கும் கேமராவில் முடியாது. 8,000 ரூபாய் மிச்சம் முதல் மழையில் கரைந்துவிடும்.

வெளிநாட்டுக் கேமராவே கூடாதா என்றால், ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. சிங்கப்பூரில் சொந்தக்காரர் இருந்து, அங்கே முறையான கடையில் பில்லோடு வாங்கி வந்தால் சரி. அதிலும் சில சங்கதிகள். வாரண்டி அட்டையில் உலகம் முழுவதும் செல்லும் என்று இருக்கிறதா, அந்த நாட்டுக்கு மட்டுமா என்று வாங்கும் முன்பே படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த நாட்டுக்கு மட்டும்தான். அப்படியானால் பழுது வந்தால் அவர் அடுத்த முறை திரும்பக் கொண்டுபோக வேண்டும். அவர் வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார் என்றால் அந்த வாரண்டி இருந்தும் இல்லாத மாதிரிதான். பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கேட்க முடியும் என்று கடைக்காரர் சொல்லக்கூடும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் வரி திரும்பக் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். அங்கே 9 சதவீத ஜிஎஸ்டி சுற்றுலாப் பயணிக்குத்தான் திரும்பும், குடியுரிமை பெற்றவருக்கும் நிரந்தரவாசிக்கும் கிடையாது. தனிப் பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. முக்கியமாக, கிளம்பும் முன் அங்கேயே வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிடச் சொல்லுங்கள். இவ்வளவையும் பொறுமையாகச் செய்யும் சொந்தக்காரர் கிடைத்தால் வாங்குங்கள். இல்லையென்றால் இங்கேயே பில்லோடு வாங்குவது நிம்மதி.

அந்த வாளிச் சோதனை இங்கே வாங்கினாலும் உண்டு. மூடிகளைத் துடைத்து மூடி, திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் வையுங்கள். மூடி ஓரத்தில் குமிழி தொடர்ந்து வந்தால் அப்படியே எடுத்துத் துடைத்துக் கடைக்கு நடையைக் கட்டுங்கள், திறக்காமல். கேமரா தண்ணீரில் மிதக்காது, கல் மாதிரி போய்விடும். ஆற்றில் இறங்குவதானால் ஆரஞ்சு நிற மிதவைப் பட்டை கட்டிக்கொள்ளுங்கள். தூரத்து இருவாச்சியையும் யானைக் கூட்டத்தையும் இந்தக் கேமராவில் எடுக்க ஆசைப்படாதீர்கள். நாலு மடங்கு ஜூம்தான், கிட்டப் போகத் தூண்டும். அது கேமராவைவிட உங்களுக்கு ஆபத்து.

மலையேற்ற அனுமதி உங்களிடம் இருக்கும் என்று நம்புகிறேன். 2018 குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு விதிகள் வந்தன. 2024 முதல் அரசின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் வழியாக ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம். கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை அடிவாரத்தில் விவாதிக்காமல் பதியும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

செத்துப்போன போனை அப்படியே விட்டுவிடாதீர்கள். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதில் நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எங்கே இருந்தாலும். நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், சர்வீஸ் சென்டர் எழுதிக்கொடுத்த மறுப்புச் சீட்டு, போனைத் தண்ணீருக்குள் காட்டிய அந்த விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றும் வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை இன்றைக்கே எடுத்து வையுங்கள். புகார் போய்ச் சேர்ந்ததும் விளம்பரம் காணாமல் போகக்கூடும்.