வரி பாக்கியோடு ஊர் திரும்பியவர் மறுபடி ஆஸ்திரேலியா போக முடியுமா?

தம்பி, மெல்போர்னில் சொந்த ஏபிஎன் எண்ணில் (அங்கே சுயதொழில் செய்பவர்கள் வாங்கும் வணிகப் பதிவு எண்) டெலிவரி ஓட்டி, வரி கட்டாமலே கோத்தகிரிக்கு வந்துவிட்டதாகவும், திரும்பப் போனால் ஏர்போர்ட்டிலேயே பிடிப்பார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வரி பாக்கி அங்கே சிவில் கடன்தான். வருமானத்தை வேண்டுமென்றே மறைத்திருந்தால் விஷயம் வேறு. உண்மையான சிக்கல் விசாவில் வரும். பல விசாக்களுக்கு 4004 என்றொரு நிபந்தனை உண்டு: அரசுக்குக் கடன் இருக்கக் கூடாது, அல்லது அதைக் கட்டத் தகுந்த ஏற்பாடு செய்திருக்க வேண்டும். அந்த 'அல்லது'வைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போவதைவிட எனக்குக் கவலை, திரும்பி வருவதைப் பற்றித்தான். கடன் நிற்கும்போது நாட்டைவிட்டு வெளியேற வரி ஆணையர் தடை உத்தரவு போடலாம். ஊரில் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் தனி அனுமதிச் சான்று வாங்காமல் விமானம் ஏற முடியாது.

வட்டியும் தினசரி கூட்டு வட்டி. அதனால் விடுபட்ட ரிட்டனை இங்கிருந்தே, அங்கே பதிவுபெற்ற வரி ஏஜென்ட் மூலம் இப்போதே தாக்கல் செய்யுங்கள். 2012 முதல், ஆண்டு முழுதும் வரிக் கணக்கில் குடியிருப்பாளராக இருந்தவருக்கு முதல் 18,200 டாலருக்கு வருமான வரி இல்லை. பயந்த அளவு தொகை வராமலும் போகலாம். வந்தாலும் அப்பாவின் தேயிலைத் தோட்டத்தை அடகு வைக்க ஓடாதீர்கள். முதலில் தவணை கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். அந்தத் தவணைக் கடிதத்தை விசா விண்ணப்பத்தோடு இணையுங்கள்.