எல் இறுக்குகிறது, எக்ஸ்எல் தொங்குகிறது: என் உடம்பில் என்ன கோளாறு டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 36. தனியார் பள்ளி ஆசிரியை. உயரம் 154 செ.மீ., எடை 61 கிலோ. கல்யாணத்தின்போது 53 கிலோ. இரண்டு குழந்தைகள். இரண்டாவது பிரசவ சமயத்தில் கொஞ்சம் சர்க்கரை இருந்தது, குழந்தை பிறந்ததும் சரியாகிவிட்டது. மூன்று வருடமாக எடை பெரிதாக ஏறவில்லை. ஆனால் துணி சைஸ் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. எல் போட்டுக்கொண்டிருந்த நான் போன மாதம் டபுள் எக்ஸ்எல் குர்த்தி எடுத்தேன். அதுவும் இடுப்பில் பிடிக்கிறது, தோளில் தொங்குகிறது. ஆன்லைனில் வாங்கிய ஒரு எம் சைஸ் டாப் மட்டும் கச்சிதமாக இருக்கிறது! டிரையல் ரூமிலேயே அழுதுவிட்டேன். இரண்டு மாதமாகக் காலைச் சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறேன். வயிற்றை இறுக்கும் ஷேப்வேர் போட்டு, அதன்மேல் ஜீன்ஸ் போடுகிறேன். இப்போது வலது தொடையின் வெளிப்பக்கம் எரிகிறது, சில நேரம் மரத்துப்போகிறது. கொழுந்தனார் கல்யாணத்துக்குள் எல் சைஸுக்கு வர முடியுமா? எந்த சைஸில் இருந்தால் ஆரோக்கியம் என்று அர்த்தம்? (வாசகி, ஈரோடு)

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது டபுள் எக்ஸ்எல் இல்லை. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, 'பிரசவ சமயத்தில் கொஞ்சம் சர்க்கரை இருந்தது' என்று, அந்த வரிதான். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உங்களை அழவைத்த சமாசாரத்தைப் பார்ப்போம்.

நான் மருத்துவம் பார்ப்பது திருப்பூர் பக்கம். பனியன் கம்பெனி ஆட்கள் நிறையப் பேர் வருவார்கள். பிரஷருக்கு மாத்திரை வாங்க வரும் ஒரு கட்டிங் மாஸ்டரிடம் ஒருநாள், 'எனக்கு ஒரு கடையில் 40 சட்டை சேருது, அடுத்த கடையில் 42 கூடப் பத்தலையே, ஏன்?' என்று கேட்டேன். அவர் என் மேஜையில் இருந்த மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் ஒரு சட்டை வரைந்தார். முதலில் ஒரே ஒரு சைஸுக்குத்தான் பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான மாதிரி) போடுவார்களாம், பெரும்பாலும் எம். அதை ஓர் ஆளுக்குப் போட்டுப் பார்த்துச் சரிசெய்வார்கள். அப்புறம் எல்லுக்கும் எக்ஸ்எல்லுக்கும் தனித்தனியாக ஆள் தேடுவதில்லை. மார்புக்கு இவ்வளவு, இடுப்புக்கு இவ்வளவு, தோளுக்கு இவ்வளவு என்று சார்ட் பார்த்து ஒரே கணக்கில் கூட்டிக்கொண்டே போவார்கள். தைத்து முடித்த துணி அரை இன்ச் கூடக்குறைய இருந்தாலும் செக்கிங்கில் பாஸ். 'ஆக, ஒரே லேபிள் போட்ட ரெண்டு சட்டைக்கு நடுவுலயே ஒரு இன்ச் வித்தியாசம் வரலாம் சார்' என்றார்.

உங்கள் குர்த்திக் கதை இதிலேயே அடங்கிவிடுகிறது. நமக்குச் சதை போடுவது வயிற்றில், இடுப்பில், மேல்கையில். தோள் எலும்பு அகலமாவதில்லை. ஆனால் சார்ட்டில் இடுப்பு கூடும்போது தோளும் சேர்ந்தே கூடும். இடுப்புக்காகப் பெரிய சைஸ் எடுத்தால் தோள் தொங்கத்தான் செய்யும். அந்த எம் டாப்? திருப்பூர் காதர்பேட்டைக்குப் போய்ப் பாருங்கள், ஏற்றுமதியில் மிஞ்சிய துணிகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். வெளிநாட்டுக்காரிக்கு அளவெடுத்துத் தைத்த எம், நம் ஊர்க் கடையின் எம் இல்லை. உங்களுடையதும் அப்படி வந்ததாக இருக்கலாம். அல்லது வாங்குகிறவர் மனம் குளிரட்டும் என்று பெரிய துணிக்குச் சின்ன லேபிள் போடுகிற வியாபார தந்திரமாகவும் இருக்கலாம். அதுவும் நடப்பதுதான்.

இதை ஒழுங்குபடுத்த முயலாமல் இல்லை. அமெரிக்காவில் 1939, 40-ல் அரசாங்கமே ஏறக்குறைய 15,000 பெண்களை, ஒவ்வொருவருக்கும் 59 இடங்களில், டேப் வைத்து அளந்தது. அதை அடிப்படையாக வைத்து 1958-ல் ஒரு பொது அளவும் வந்தது. கடைகள் அதை மதிக்கவில்லை. 1983-ல் அரசு அதைக் கைவிட்டுவிட்டது. நம் நாட்டில் ஆடை வடிவமைப்பு சொல்லித்தரும் மத்திய அரசின் நிஃப்ட் நிறுவனம் இந்திய உடம்புக்கென்றே ஓர் அளவு கொண்டுவர 15 முதல் 65 வயது வரை 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கத் திட்டமிட்டது. அதற்குத் தேர்ந்தெடுத்தவை ஆறு நகரங்கள்: டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங். நாடு முழுக்கப் போட பனியன் தைத்துத் தரும் மாநிலத்தில் ஓர் ஊர்கூட அதில் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆகவே 'எந்த சைஸில் இருந்தால் ஆரோக்கியம்' என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. லேபிளில் இருப்பது கம்பெனியின் கணக்கு. ஆனால் இதைப் படித்துவிட்டு, 'அப்பாடா, எல்லாம் கடைக்காரன் தப்பு' என்று நீங்கள் முடித்துக்கொள்ளவும் கூடாது. எடை நிற்கிறது, துணி மட்டும் இறுகுகிறது என்கிறீர்கள். இரண்டும் ஒன்றாக நடக்கக்கூடியவைதான். ஒரு கிலோ தசையைவிட ஒரு கிலோ கொழுப்பு அதிக இடத்தை அடைக்கும். முப்பதைத் தாண்டியதும் தசை மெல்லக் கரையத் தொடங்கும், அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்ளும். தராசு முள் அசையாது, பாவாடை நாடா மட்டும் எட்டாது.

புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கினும் 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் புகைப்படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கும் எடைக்குமான கணக்கான பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றுதான், 22.3. ஆனால் உடல் கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம் ஆளுக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்த்து வைப்பது நம் உடல்வாகு. அதனால்தான் இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23-ஐத் தாண்டினாலே எடை அதிகம், 25-ஐத் தொட்டால் உடல் பருமன் என்று கோட்டைக் கீழே இறக்கி வைத்திருக்கிறோம். உங்கள் கணக்கு 25.7. கல்யாணத்தின்போது 22.3. யாக்னிக் எண்ணேதான், பாருங்கள்! கோட்டைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறீர்கள். டிரையல் ரூமில் அழுகிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. ஆனால் கவனிக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது தராசை இல்லை, டேப்பை. வீட்டில் தையல் மெஷின் டப்பாவில் கிடக்கும் இன்ச் டேப் போதும். ஆனால் இடுப்பு என்று மூன்று பேர் மூன்று இடத்தைச் சொல்வார்கள். டெய்லருக்கு இடுப்பு என்றால் பாவாடை கட்டும் இடம். ஜீன்ஸ் கம்பெனிக்கு அதற்கும் கீழே. எங்களுக்கு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்விளிம்புக்கும் சரிபாதியில். காலையில் வெறும் வயிற்றில், துணியின் மேல் இல்லாமல் தோல்மேல் டேப்பைப் படுக்கை வாட்டில் சுற்றுங்கள். பக்கவாட்டில் விரல் வைத்து இரண்டு எலும்பையும் தடவிப் பார்த்தால் நடு இடம் தெரியும். சாதாரணமாக மூச்சை விட்டு, விட்டு முடிகிற இடத்தில் அளவைப் படியுங்கள். வயிற்றை எக்கக் கூடாது. (எல்லோரும் எக்குகிறார்கள். என் மனைவி அளந்தபோது நானும் எக்கினேன்.) நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. அதற்குள் இருக்க வேண்டும். இன்னொரு எளிய கணக்கு, உயரத்தில் பாதிக்குள். உங்களுக்கு அது 77 செ.மீ. மாதம் ஒருமுறை அளந்து காலண்டரில் குறித்து வையுங்கள், போதும்.

ஒரு விஷயம். பிரசவத்துக்குப் பிறகு வயிற்றின் நடுவில் இரண்டு பக்கத் தசையும் விலகி நின்றுவிடுவது உண்டு. அப்படியிருந்தால் கொழுப்பு அதிகம் இல்லாமலேயே வயிறு முன்தள்ளித் தெரியும். மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கும்போது தொப்புளுக்கு மேல் நடுக்கோட்டில் இரண்டு விரல் இறங்குகிற பள்ளமோ, கூரை முகடு மாதிரிப் புடைப்போ தெரிந்தால் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். அதற்கென்று பயிற்சிகள் இருக்கின்றன. டயட்டில் அது சரியாகாது.

இப்போது தொடை எரிச்சல். இது கிட்டத்தட்ட உங்கள் ஷேப்வேரும் ஜீன்ஸும் சேர்ந்து செய்த வேலை என்றுதான் நினைக்கிறேன். இடுப்பு எலும்பு முன்பக்கம் முட்டிக்கொண்டு தெரிகிறதே, அதன் பக்கத்தில் ஒரு மெல்லிய நரம்பு தொடைக்கு இறங்குகிறது. தொடையின் வெளிப்பக்கத் தோலுக்கு உணர்ச்சி தருவது மட்டுமே அதன் வேலை. இடுப்பில் இறுக்கம் கூடினால் அது நசுங்கி எரிச்சல், மதமதப்பு, எறும்பு ஊர்கிற மாதிரி உணர்வு எல்லாம் வரும். மருத்துவத்தில் இதற்கு 'மெரால்ஜியா பரஸ்தெடிகா' என்று பெரிய பெயர். வைத்தியம் சின்னது. ஷேப்வேரைத் தூக்கிப் போடுங்கள், ஜீன்ஸுக்கு ஒரு மாதம் லீவு கொடுங்கள். பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். முதுகுவலி சேர்ந்து வந்தாலோ, எரிச்சல் முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, மாடி ஏறும்போது கால் தளர்ந்தாலோ அது வேறு கதை, உடனே காட்டுங்கள். வயிற்றை இறுக்கினால் நெஞ்செரிச்சல் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்குப் புடவைதானே கட்டிப் போவீர்கள்? ராத்திரி பாவாடையை அவிழ்த்ததும் கண்ணாடியில் இடுப்பைப் பாருங்கள். நாடா பதிந்து கறுப்பாக ஒரு வளையம், சொரசொரப்பு, வெள்ளைத் திட்டு ஏதாவது இருக்கிறதா? பல வருடம் ஒரே இடத்தில் மெல்லிய நாடாவை இறுக்கிக் கட்டுகிறவர்களுக்கு அங்கே தோல் கெட்டுப்போகும். மிக அபூர்வமாக, ஆறாத புண்ணாகிப் புற்றுநோய் வரை போனதும் உண்டு. இரண்டு இந்தியப் பெண்களுக்கு அப்படி நேர்ந்ததை 2024-ல் ஒரு மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். பயப்பட வேண்டாம். அகல நாடாவுக்கோ எலாஸ்டிக்குக்கோ மாறுங்கள், கட்டும் இடத்தை ஒரு விரல் மேலும் கீழுமாக மாற்றுங்கள். ஆறாத புண் இருந்தால் மட்டும் மஞ்சள் தடவிக்கொண்டு காத்திருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

போட்ட துணி தொளதொளவென்று ஆகிவிட்டால் சந்தோஷப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாற்பது வயதுக் கொத்தனார் ஒருவர், பெல்ட்டில் ஆணி வைத்து அவரே மூன்று புது ஓட்டை போட்டுக்கொண்டு வந்தார். 'ஒடம்பு நல்லா எறங்கிருச்சு சார், ஆளு ட்ரிம்மாயிட்டேன்' என்றார். சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. முயற்சி செய்யாமலேயே ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் எடையில் இருபதில் ஒரு பங்கு போனால் சர்க்கரை, தைராய்டு, காசநோய், புற்றுநோய் என்று தேடிப் பார்த்தே ஆகவேண்டும். கைகால் மெலிந்து வயிறு மட்டும் வேகமாகப் பெருத்தாலும் அப்படித்தான்.

சரி, அந்த வரிக்கு வருவோம். கர்ப்ப காலத்தில் குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, 2 மணி நேரம் உட்காரவைத்து ரத்தம் எடுத்திருப்பார்கள், நினைவிருக்கிறதா? நம் நாட்டில் அந்த எளிய முறையைப் பரவலாக்கியவர் சென்னை டாக்டர் சேஷய்யா. 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. பிரசவத்துக்குப் பிறகு அது இறங்கிவிடும்தான், ஆனால் விட்டுப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அப்படி வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும். நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று எழுதவே இல்லை. பார்க்கவே இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த வாரமே வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), கொழுப்பு, டிஎஸ்எச் (தைராய்டுக்கானது), ஹீமோகுளோபின், அப்படியே பிரஷர், இவற்றைப் பாருங்கள். மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

காலைச் சாப்பாட்டை நிறுத்தியதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் பீரியடில் தொண்டை கிழியக் கத்திவிட்டு, பதினோரு மணிக்கு ஸ்டாஃப் ரூமில் டீயும் நாலு பிஸ்கட்டும், மத்தியானம் டப்பா நிறையச் சாதம் என்றுதான் அது முடியும். இரண்டு இட்லி சாப்பிடுங்கள், கூட ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேருங்கள். மத்தியானம் சாதத்தில் ஒரு கரண்டியைக் குறைத்துக் காய், பருப்பைக் கூட்டுங்கள். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேக நடை. அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது, எதுவானாலும் சரி. இப்போதைக்கு இலக்கு 3 கிலோ, அதை நாலைந்து மாதத்தில் எட்டினால் போதும். எடையில் அந்த இருபதில் ஒரு பங்கு குறைவதற்கே சர்க்கரையும் பிரஷரும் நன்றாக இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

கல்யாணத்துக்கா? உங்கள் கல்யாண ப்ளவுஸை வெளியே எடுத்து உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். நல்ல டெய்லராக இருந்தால் பக்கத் தையலில் இரண்டு, மூன்று வரி போட்டு உள்ளே துணி விட்டிருப்பார். நம் ஊர் டெய்லர்களுக்கு உடம்பு மாறும் என்பது அப்போதே தெரியும். ஒரு வரியைப் பிரித்துவிடுங்கள். குர்த்தி என்றால் இடுப்புக்குச் சரியாக எடுத்து, தோளையும் கையையும் பிடித்துத் தைக்கக் கொடுங்கள். லேபிள் உறுத்தினால் கத்தரித்துப் போட்டுவிடலாம், எனக்கும் கழுத்தில் அது உறுத்தும்.

ஒரு மாதம் இறுக்கமான துணியை விட்ட பிறகும் தொடை எரிச்சல் குறையாவிட்டால், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு அருகில் உள்ள பொதுநல மருத்துவரைப் பாருங்கள். பிரசவத்தின்போது கொடுத்த பழைய ஃபைல் கிடைத்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள்.