விதை எடுத்த பிறகு மிஞ்சும் ஹெம்ப் தண்டை எப்படிக் காயவைப்பது, எதற்கு உதவும்?

நீங்கள் கேட்பது உத்தராகண்ட் மலைப்பகுதியில் உரிமத்தோடு விதைக்காக வளர்க்கும் ஹெம்ப், அதாவது போதை மிகக் குறைந்த கஞ்சா வகைச் செடி பற்றி. அந்த மாநிலம் 2018 முதல் இதற்கு உரிமம் தருகிறது; செடியில் போதை தரும் டிஎச்சி என்ற பொருள் 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. உரிமம் இல்லாமல் ஒரு செடி வளர்த்தாலும் 1985 போதைப்பொருள் சட்டப்படி குற்றம்தான். எனவே கீழே உள்ளது உரிமக்காரர்களுக்கு மட்டும்.

இலையை உதறி வயலிலேயே விட்டுவிடுங்கள். அது மண்ணுக்கான உரம். வேலை தண்டில்தான். அதன் எடையில் கால் பங்குக்குச் சற்று மேல் பட்டை நார், பாதிக்கு மேல் உள்ளே இருக்கும் வெள்ளைக் குச்சி, மீதி தூசு.

வெட்டிய தண்டை அடுக்கிக் குவித்தால் இரண்டே நாளில் உள்ளே சூடேறிப் பூசணம் பிடித்துவிடும். கை கொள்ளும் அளவுக் கட்டுகளாகக் கட்டி, நாலைந்து கட்டுகளைத் தலை சேர்த்துக் கூம்பாக நிறுத்துங்கள். ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். கருவி இல்லையா? ஒடித்துப் பாருங்கள். பட்டென்று முறிந்தால் சரி, வளைந்து மடங்கினால் இன்னும் காயவில்லை.

நார் வேண்டுமென்றால் ஊறப்போட வேண்டும். ஐரோப்பாவில் தண்டை வயலிலேயே பரப்பிப் பனியில் சில வாரம் போட்டு, இடையில் ஓரிரு முறை புரட்டுவார்கள். மலையில் அறுவடை முடியும்போது குளிர் வந்துவிடும், கிருமி வேலை மந்தமாகும். அதனால் குட்டைதான் வழி: வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு வாரம் பத்து நாள், குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று வாரம். அடித்தண்டு தடிமன், நுனி மெல்லிசு. ஒரே நேரத்தில் மூழ்கடித்தால் அடி பதமாவதற்குள் நுனி நார் அழுகிப் பிய்ந்துவிடும். ஆகவே முதல் இரண்டு நாள் அடிப்பாகம் மட்டும் தண்ணீரில் நிற்கட்டும், பிறகு முழுக்கக் கிடத்தி மேலே கல் வையுங்கள். நடுவில் ஒடித்து இழுக்கும்போது குச்சித்துணுக்கு ஒட்டாமல் பட்டை முழு நீளத்துக்கும் கழன்று வந்தால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். ஊறல் தண்ணீர் கறுத்து உயிர்வாயு இழந்துவிடும், மீன் செத்து மிதக்கும். ஓடையிலும் குடிநீர்க் குளத்திலும் ஊறப்போடாதீர்கள்.

என் கணக்கில் நாரைவிட உருப்படியானது அந்தக் குச்சிதான், ஆனால் ஊரில் பெரும்பாலும் அடுப்புக்குப் போகிறது. ஒன்று முதல் இரண்டரை சென்டிமீட்டர் துண்டாக நறுக்கித் தூசு சலித்தால், தன் எடையைப்போல மூன்று நான்கு மடங்கு ஈரம் உறிஞ்சும் தொழுவப் படுக்கை தயார். அதே துண்டைச் சுண்ணாம்போடு கலந்தால் சுவர். எல்லோராக் குகைப் பூச்சிலேயே இந்தச் செடியைக் கலந்திருக்கிறார்கள்.

எடைக்கணக்கில் துண்டு 1, சுண்ணாம்புக் கலவை 2, தண்ணீர் 3. ஒரு கன மீட்டருக்குச் சுமார் 110 கிலோ துண்டு, 220 கிலோ கலவை, 330 லிட்டர் தண்ணீர். கலவையில் முக்கால் பங்கு நீற்றுச் சுண்ணாம்பு. மீதி நீரில் இறுகும் சுண்ணாம்பும் சுர்க்கி எனும் செங்கல் தூளும். பலரும் சறுக்குவது இங்கேதான்: சுண்ணாம்புக்குப் பதில் வெறும் சிமென்ட் போடுகிறார்கள். குச்சி தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அதிலிருந்து கரையும் சர்க்கரை சிமென்ட் இறுகுவதைத் தடுக்கும். வெளியே கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே விரலால் நோண்டினால் மாவாக உதிரும். தூசு சலிக்காவிட்டாலும் இதே கதிதான், சுண்ணாம்பைத் தூசே தின்றுவிடும்.

கலந்ததைப் பிடித்து உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. பலகை அடைத்து 15 சென்டிமீட்டர் உயரமாகப் போட்டு, ஓரத்தை மட்டும் கொஞ்சம் அழுத்தி, நடுவில் லேசாகத் தட்டினால் போதும். திம்சு போட்டு இடித்தால் காற்றறை நசுங்கிச் சுவர் வெப்பம் தாங்கும் குணத்தை இழக்கும், காயவும் மறுக்கும். மறுநாள் பலகையை எடுத்துவிடலாம். 30 சென்டிமீட்டர் சுவர் காய ஆறு முதல் எட்டு வாரம். இது பாரம் தாங்காது, மரச்சட்டம் கட்டாயம். தரையிலிருந்து ஓர் அடி கல் பீடம் எழுப்பி அதன்மேல் தொடங்குங்கள். காய்ந்தபின் சுண்ணாம்புப் பூச்சுதான் பூச வேண்டும். சிமென்ட் பூசினால் உள்ளே நிற்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் குச்சி மக்கத் தொடங்கும்.